மனம் ஒப்பாத ஒரு கிழமை

பெப்ரவரி 2, திங்கள்

மைனஸ் பத்தொன்பது. முதல் பஸ் வரவில்லை. அடுத்தது நிரம்பி வந்தது, நிற்கவில்லை. சப்பாத்தில் உப்புக் கறை, வினாகிரி தொட்டுத் துடைக்க வேண்டும். மகளின் பிரெஞ்சு ரீச்சருக்குப் பதில் போடவில்லை. இன்றும் மறந்தேன்.

"குட் மோர்னிங் ஜெயந்தி." வாசலில் ஆறு வயதுக் குஞ்சு ஒன்று. இங்கே பிள்ளைகள் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தலைமை ஆசிரியை கிளேர் உட்பட. ஆள் பெரிது சிறிது இல்லையாம். விளங்குகிறது. ஆனாலும் மட்டக்களப்பில் பன்னிரண்டு வருடம் கணக்கு ரீச்சராக இருந்த முதுகு, பேரைக் கேட்டதும் ஒருதரம் நிமிரத்தான் செய்கிறது.

சின்ன வகுப்பில் முயல் வாங்கியிருக்கிறார்கள். பேர் வைக்கும் கதை போன கிழமை தொடங்கியது, இன்னும் முடியவில்லை. கை தூக்கி எண்ணினால் ஒரு நிமிட வேலை. இங்கே கை எண்ணுவது கிடையாது. எல்லோருக்கும் மனம் ஒப்ப வேண்டும். "ஸ்னோபோல்" என்றால் ஒரு பிள்ளைக்கு அழுகை வருகிறது, அதனால் திரும்ப முதலிலிருந்து.

பின்னேரம் நடந்தது. எழுதவே கை வரவில்லை.

நாலாம் வகுப்பு. மரக் கோலால் வகுப்பறையை அளக்கும் பாடம். மித்ராவின் முறை வந்தபோது எலொடி கோலை விடவில்லை, "இன்னும் ஒரு சுவர்" என்றாள். மித்ரா பிடுங்கினாள், வீசினாள். எலொடியைக் குறிபார்த்து வீசவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கோலுக்குத் தெரியாதே. புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. இரத்தம். என் சால்வையை வைத்து அழுத்தினேன். மித்ரா மேசைக்கு அடியில் போய் இருந்துகொண்டாள். இழுத்தாலும் வரவில்லை.

இது முதல் தரம் இல்லை. ஒக்டோபரில் கடித்தாள். கிறிஸ்மஸுக்கு முன் கதிரையைத் தூக்கி வீசினாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

எலொடிக்குத் தையல் போட்டாயிற்று. கண் தப்பியது. அவளுடைய தாய் கிளேரோடு நெடுநேரம் தொலைபேசியில். கிளேரின் காது சிவந்து போயிருந்தது.

மித்ராவின் தகப்பன் குமரன் வந்தார். ஆற்றுக்கு அக்கரை லவாலில் இருந்து. பாண் கொம்பனி ஒன்றின் வான் ஓட்டி, விடியப்புறம் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண், பணிஸ் போடுகிற வேலை. கண்ணெல்லாம் சிவப்பு. மனைவி போன வருடம் பிரிந்து ரொறொன்ரோ போய்விட்டார். பிள்ளையும் இவரும்தான். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

"ரீச்சர், நான் கைநீட்டி வளர்க்கேல்ல. எங்க பழகினாளெண்டு தெரியேல்ல."

"ஜெயந்திக்கு என்னில கோபமா?" மித்ரா, அவருடைய கோட்டுக்குப் பின்னால் இருந்து.

"ரீச்சரெண்டு சொல்லு. பேர் சொல்லாத."

"இங்க எல்லாரும் பேர்தான் அப்பா."

பாவம் மனுஷன். ஒரு நாளில் எத்தனை வெட்கத்தைத்தான் தாங்குவார்.

இரவு ஊரிலிருந்து அக்கா அழைத்தார். பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றதும், "அது என்னகா சபை? பெந்தெகொஸ்தா?" இல்லை, குவேக்கர் என்றேன். அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடம். பாதிரி இல்லை, பாட்டில்லை, பிரசங்கம் இல்லை. புதன்கிழமை ஒரு மணித்தியாலம் எல்லோரும் வட்டமாகக் கதிரை போட்டுச் சும்மா இருப்போம், பிள்ளைகளும்தான். ஆருக்காவது உள்ளிருந்து ஏதும் வந்தால் எழும்பிச் சொல்லலாம், வராவிட்டால் இல்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "நீ சும்மா இருந்தியா? ஒரு மணித்தியாலம்?"

என் மனுஷன் சுரேன் அடுப்படியில் இருந்து சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பெப்ரவரி 5, வியாழன்

ஆசிரியர் கூட்டம். என் வாயை என்ன செய்ய.

விஷயம் மித்ரா. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. மார்ச் லீவு முடிந்ததும் அங்கே மாற்றலாம், இடமும் இருக்கிறது. கிளேர்தான் சொன்னாள். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. எலொடியை நினைக்க வேண்டும், மித்ராவுக்கும் அங்கே பழக்கப்பட்ட ஆட்கள் இருப்பார்கள். எல்லாம் நியாயம். நானும் தலையாட்டினேன்.

இந்தத் தவணை கூட்டத்தை நடத்துவது டேவிட். மரவேலையும் விளையாட்டும் படிப்பிக்கிற டேவிட். இவர்கள் முறை இதுதான்: பேசி முடிந்ததும் தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிப்பார்கள். பிறகு, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்பார்கள்.

வாசித்தார். கேட்டார். எல்லோரும் சம்மதம் என்றார்கள். என் முறை.

"சரி. ஆனால் மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது."

அவ்வளவுதான். நம் ஊரில் பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது சொல்வோம், வீட்டை விற்கும்போது சொல்வோம். சொல்லிவிட்டு, பெருமூச்சு விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, அனுப்பத்தான் செய்வோம், விற்கத்தான் செய்வோம். அது மறுப்பு இல்லையே. இரண்டு வருடமாக இந்த மேசையில் சம்மதம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் நான் பேசியதில்லை.

டேவிட் பேனையை மூடினார். கோபமே இல்லை. "அப்படியானால் நாங்கள் இன்னும் தயாரில்லை" என்றார். எழுதியதைக் கிழித்தார். அடுத்த வியாழன் மறுபடி பார்ப்போம் என்றார். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார்கள். எனக்குக் காது மடல் வரை சூடு.

வெளியே வந்து கிளேரிடம், நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, தயவு செய்து தீர்மானத்தைப் போடுங்கள் என்றேன்.

"உண்மையில் மனதுக்கு ஒரு மாதிரி இருந்ததா, இல்லையா?"

"இருந்தது."

"அப்படியென்றால் போட முடியாது, ஜெயந்தி."

பெப்ரவரி 6, வெள்ளி

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. ஆராவது வந்து "ஏன் இப்படிச் செய்தாய்" என்று ஏசினால் திருப்பி ஏசலாம். இவர்கள் ரீ போட்டுத் தருகிறார்கள். சீனி எத்தனை என்று கூட ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

எலொடியின் தாய் வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் தடுத்தது தெரிந்திருக்கும்போல. "போன்ஜூர்" என்றேன். பதில் வந்தது, முகம் வரவில்லை.

மித்ரா இந்தக் கிழமை வீட்டில். வகுப்பு அமைதி. வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனாலும் எழுதுகிறேன்: நன்றாக இருந்தது. பின்னப் பாடத்தைத் தடங்கலில்லாமல் முடித்தேன். தோள் இறங்கி இருந்தது. நான் தடுத்து வைத்திருக்கிற பிள்ளை வராததில் எனக்கே நிம்மதி. என்ன மனுஷி நான்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில், ஆனால் பிரயோசனம் இல்லாத வெயில். தமிழ்க் கடை. கறிவேப்பிலை, சம்பா, மாசிக் கருவாடு, மீன், மகளுக்கு நூடில்ஸ். வெண்டிக்காய் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டேன்.

போகும்போது காரில் சுரேன்: "எங்கட ஆள் எண்டுதானே விடாம நிக்கிற?"

"இல்லை."

"எலொடி தமிழ்ப் பிள்ளையா இருந்து, மித்ரா வேற ஆரும் எண்டா?"

தெரியவில்லை. அது வேறு சேர்ந்துகொண்டது.

கடைக்குள்ளே பார்த்தால் குமரனும் மித்ராவும். குமரன் என்னைக் கண்டதும் மரக்கறிப் பக்கம் திரும்பிவிட்டார். மித்ரா அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தாள், சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது. நானும் பருப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தொப்பி நகர்ந்து வந்து என் கூடைக்குப் பக்கத்தில் நின்றது.

"எலொடிக்கு நோகுதோ?"

"இப்ப குறைவு புள்ள."

"தழும்பு வருமோ?"

"சின்னனா வரும்."

அவள் என் கூடையில் இருந்த மாசிப் பைக்கற்றை எடுத்து, மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்தாள். "நான் எறியேக்க கோல் லேசா இருந்தது" என்றாள். பிறகு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மீனை வெட்டாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எறியும்போது லேசாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 10, செவ்வாய்

பொடிப் பனி நாள் முழுக்க. பள்ளிக்கூட ஹீற்றர் மறுபடி தட்டுகிறது.

இவர்களிடம் இன்னொரு வழக்கம். ஒருவருக்கு மனம் தெளியாவிட்டால் இரண்டு மூன்று பேர் கூட இருந்து கேள்வி கேட்பார்கள். கேள்வி மட்டும். புத்தி சொல்லக் கூடாது, தங்கள் கதையை எடுக்கக் கூடாது, தேற்றவும் கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஆளே பிடிக்க முடியாது. கேட்பதற்கு முன் புத்தி வந்துவிடும், அதற்கு முன் பெரியம்மாவின் கதை வந்துவிடும்.

இன்று எனக்குக் கிளேரும் டேவிட்டும். மரவேலை அறை, மரத்தூள் மணம். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே நீட்டி நீட்டி மௌனம். முதலில் எரிச்சல். பிறகு பழகிவிட்டது.

டேவிட்: "மித்ரா போய்விட்டால் உங்களுக்கு என்ன இலகுவாகும்?"

எல்லாம் என்றேன். வெள்ளிக்கிழமை தோள் இறங்கியதைச் சொன்னேன். முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தேன். இல்லை.

கிளேர்: "அவள் தமிழ்ப் பிள்ளை என்பது இதில் எங்கே இருக்கிறது?"

இருக்கிறது என்றேன். அவள் அப்பாவிடம் பேசுகிற பேச்சு எனக்கு விளங்குகிறது, மற்றவர்களுக்கு விளங்காது. ஆனால் அந்த இடத்தில் நோவு இல்லை. நோவு வேறெங்கோ.

"எங்கே?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. தேடினேன், பல்லிடுக்கில் மாட்டிய நாரை நாக்கு தேடுகிற மாதிரி. அகப்படவில்லை. அதோடு முடித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. டேவிட் கடதாசித் துவாய் தந்தார். தேற்றவில்லை. தேற்றாமல் பக்கத்தில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பெப்ரவரி 11, புதன்

மித்ரா திரும்ப வந்தாள். குமரன் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மௌனக் கூட்டம். வட்டக் கதிரைகள். மித்ரா கதவோரம், எலொடி ஜன்னல் பக்கம், நெற்றியில் பிளாஸ்டர். சின்னதுகள் காலை ஆட்டிக்கொண்டு. நான் வழக்கம்போல மதியச் சாப்பாட்டை யோசித்துக்கொண்டு.

நடுவில் எலொடி எழும்பினாள்.

"எனக்கு மித்ராவுக்குப் பக்கத்தில் இருக்கப் பயம். அவ்வளவுதான்."

இருந்துவிட்டாள். இங்கே ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லக் கூடாது, சொன்னது அப்படியே இருக்க வேண்டும். இருந்தது. நான் மித்ராவைப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவள் எலொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளை போல. ஓடவில்லை. மேசைக்கு அடியில் போகவில்லை.

பகலில் பெரிய ஆரவாரம். முயலுக்குப் பேர் வைத்தாயிற்றாம். புரோக்கோலி. வெள்ளை முயலுக்குப் புரோக்கோலி. ஒருவருக்கும் மறுப்பு இல்லை. ஆறு வயது லீயா எனக்கு விளக்கினாள்: ஒருவருக்குக் கூட அழுகை வராத பேர் அதுதானாம். முயலிடமும் கேட்டார்களாம், அது காதை ஆட்டியதாம்.

சிரித்தேன். சிரித்தபடியே படியேறும்போது நார் அகப்பட்டது.

முயலிடம் கேட்டார்கள்.

மித்ராவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் போவதா இருப்பதா என்று அவள் இல்லாத அறையில், ஒரு ரீ ஆறுவதற்குள் முடித்துவிட்டோம். இத்தனைக்கும் கேட்பதற்கென்றே கட்டிய பள்ளிக்கூடம் இது.

படியிலேயே இருந்துவிட்டேன். கீழே வந்த பிள்ளைகள் சுற்றிப் போனார்கள்.

பெப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன். தமிழில் யோசித்து இங்கிலிஸில் சொன்னதில் பாதி நொண்டியது, ஆனாலும் சொன்னேன். அவள் இங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எலொடியின் பயத்தை நானும் கேட்டேன். அவளிடம் கேட்காமல் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. அது மட்டும்தான்.

ஹீற்றர் தட்டியது.

கிளேர் முகத்தைக் கையால் மூடினாள். "நாங்கள் எப்படிக் கேட்காமல் விட்டோம்" என்றாள். டேவிட் எழுதினார், வாசித்தார்: திங்கட்கிழமை மித்ராவும் தகப்பனும் எங்களோடு வட்டத்தில் இருப்பார்கள். சம்மதமா?

"சம்மதம்" என்றேன். ஒரு சொல், வாலில்லாமல். சிரித்தார்கள்.

வீட்டில் சொன்னேன். சுரேன்: "அவள் போறன் எண்டு சொன்னா என்ன செய்வ?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

பெப்ரவரி 16, திங்கள்

கொஞ்சம் இளகிய நாள். கூரையில் இருந்து சொட்டுகிறது.

குமரன் பாண் கொம்பனிப் பெட்டி ஒன்றோடு வந்தார், உள்ளே பணிஸ். ஆரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கடைசி வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மித்ராவுக்கும் எங்களைப் போலவே பெரிய கதிரை. கால் நிலத்தில் படவில்லை.

டேவிட் இரண்டு வழியையும் நேராகச் சொன்னார். இனிப்புப் பூசவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இப்படி, இந்தப் பள்ளிக்கூடம் இப்படி, எலொடிக்கு இன்னும் பயம், எங்களுக்கும் கொஞ்சம் பயம். நீ என்ன நினைக்கிறாய்?

மித்ரா தொங்கிய காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நேரம் போனது. குமரன், "சொல்லன் பிள்ளை, பெரியாக்கள் கேக்கினம்" என்றார். நான் அவருக்குக் கையைக் காட்டினேன், இருக்கட்டும் என்று. நானா. சும்மா இருக்கத் தெரியாத நானா.

கடைசியில் தமிழில் என்னிடம்: "அந்த ஸ்கூலிலயும் இப்பிடி என்னை வச்சுக் கேப்பினமோ?"

மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தேன். பொய் சொல்ல இது இடம் இல்லை.

"தெரியா புள்ள. கேக்க மாட்டாங்க எண்டுதான் நினைக்கிறன்."

தலையைக் குனிந்து கையுறையை இழுத்து இழுத்து யோசித்தாள். பிறகு இங்கிலிஸில், எல்லோருக்கும்: "அப்படியென்றால் நான் இங்கே இருக்கிறேன். எலொடி ஜன்னல் பக்கம் இருக்கட்டும், நான் கதவுப் பக்கம். கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போவேன். ஆனால் தனியாகப் போகப் பயம்."

"நான் வருவேன்" என்றேன். கூட்டத்தைக் கேட்கவில்லை, மௌனத்துக்கும் காத்திருக்கவில்லை, டேவிட் எழுத முன்னமே சொல்லிவிட்டேன். முறை தெரியாதவள். டேவிட் அதையும் சேர்த்து எழுதினார். கோடைவரை பார்ப்பது என்று முடிவு. எலொடியின் தாயிடம் கிளேர் பேசுவாள். அது இலேசாக இருக்காது.

குமரன் எழும்பும்போது, "தாங்ஸ் ரீச்சர்" என்றார். மித்ரா திருத்தினாள்: "ஜெயந்தி, அப்பா." அவரால் முடியவில்லை. "ஜெயந்தி ரீச்சர்" என்றார்.

இந்தப் பிள்ளை மேல் எனக்கு விருப்பம். பயமும் போகவில்லை. இரண்டும்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

பெப்ரவரி 18, புதன்

மறுபடி குளிர், மைனஸ் பதினொன்று. பஸ் நேரத்துக்கு வந்தது, அதிசயம். மகளின் பிரெஞ்சு ரீச்சருக்குப் பதில் போட்டாயிற்று.

பின்னேரம் கணக்கு. கோணமானி ஒன்று குறைந்தது. இரண்டு பேருக்கு ஒன்று என்றேன். மித்ராவுக்குக் கிடைத்த கூட்டாளி விடுவதாக இல்லை. மித்ராவின் கழுத்து சிவந்து வருவதைக் கண்டேன். பென்சில் டப்பா கையில். எலொடியும் கண்டாள், கதிரையோடு பின்னால் நகர்ந்தாள்.

மித்ரா டப்பாவைக் கீழே வைத்தாள். மெதுவாக இல்லை, ஆனால் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு போனாள். வகுப்பை அடுத்த அறை நதாலியிடம் கூவி ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

முற்றத்தில், பனிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். நானும் நின்றேன். இரண்டு பேரும் கோட் எடுக்கவில்லை. மூச்சு புகையாகப் போனது.

"ஜெயந்தி, குளிருதோ?"

"ஓம்."

"எனக்கு இன்னும் கோபம் போகேல்ல."

"சரி புள்ள. நிப்பம்."